எழுந்து நடந்த பூனைகள்

கதிர்வீச்சு செலுத்திக் கிருமி நீக்கிய உணவைச் சினைப் பூனைகளுக்குக் கொடுத்து, வளர்ச்சியில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று ஒரு நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று நான்கு மாதங்கள் வித்தியாசமாக எதுவும் இல்லை. பிறகு சில பூனைகள் தள்ளாட ஆரம்பித்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால்கள் விளங்கவில்லை, சிலவற்றுக்குக் கண் தெரியவில்லை, சில எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டன. அந்த உணவை நிறுத்திவிட்டு வழக்கமான உணவுக்கு மாற்றினார்கள். படுத்த பூனைகள் அடுத்த சில மாதங்களில் மெல்ல மெல்ல எழுந்து நடந்தன. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

அந்தப் பூனைகளின் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் இயன் டங்கன். 2009-இல் அவருடைய குழு வெளியிட்ட முடிவு நரம்பியல்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நோயுற்ற பூனைகளில் நரம்பிழைகள் பெரும்பாலும் அறுபடாமல் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மயலின் உறை மட்டும் பரவலாகக் காணாமல் போயிருந்தது. தேறிய பூனைகளில் அதே இழைகளைச் சுற்றி மறுபடி உறை வந்திருந்தது. பழைய தடிமன் இல்லை, மெல்லிய உறைதான். ஆனால் ஒரு பூனை நடக்கவும் பார்க்கவும் அது போதுமானதாக இருந்தது. (இந்த நோய் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 2008-இல் ஆஸ்திரேலியாவில் கதிர்வீச்சுக்கு உள்ளான இறக்குமதி உணவைத் தின்ற வீட்டுப் பூனைகள் பலவும் இதே மாதிரி முடங்கின. அடுத்த ஆண்டே அந்நாடு பூனை உணவுக்குக் கதிர்வீச்சு செலுத்துவதைத் தடை செய்தது.)

மூளையோ தண்டுவடமோ கெட்டால் கெட்டதுதான், திரும்பி வராது என்பது நம்மில் பலருடைய எண்ணம். நரம்பு செல்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் நரம்பு செல்லைச் சுற்றியிருக்கும் உறைக்கு அந்த விதி பொருந்தாது. மேடிசனிலேயே 1961-இல் ரிச்சர்ட் பஞ்ச், மேரி பஞ்ச் தம்பதியும் ஹான்ஸ் ரிஸ்ஸும் இதைக் காட்டிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் பூனைதான். வளர்ந்த பூனையின் தண்டுவடத்தில் மயலினை அழித்துவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது புதிய உறை சுற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அரை நூற்றாண்டு கழித்து டங்கன் காட்டியது அதற்கும் ஒரு படி மேலே: அப்படி வரும் உறை வேலையும் செய்கிறது, முடங்கிய விலங்கை எழுப்புகிறது.

அப்படியானால் மனிதர்களுக்கு ஏன் முழுமையாக நடப்பதில்லை? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இதே மயலினை இழக்கும் நோய். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள உறையைத் தாக்குகிறது. உலகம் முழுவதும் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டுகிறது. 1868-இல் பாரிஸின் சால்பெட்ரியே மருத்துவமனையில் மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக வகுத்தபோதே, கெட்டுப்போன திட்டுகளின் நடுவில் உறையில்லாத நரம்பிழைகள் பிழைத்துக் கிடப்பதைக் கவனித்திருந்தார். இழை இருக்கிறது, உறை இல்லை. பூனைக்கும் அதே நிலைதான் இருந்தது. பூனை எழுந்தது.

விடை நரம்பு செல்லிடம் இல்லை. அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. மூளையில் நியூரான்களைத் தவிர இன்னொரு பெரிய கூட்டம் உண்டு: கிளியா செல்கள். 'நியூரானைவிடப் பத்து மடங்கு' என்று பல புத்தகங்கள் இன்னும் அச்சடிக்கின்றன. 2009-இல் பிரேசில் விஞ்ஞானிகள் செல்களின் உட்கருக்களை எண்ணிப் பார்த்ததில், மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்றவை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அதே அளவு என்று தெரிந்தது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு இனி வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் யார் யார் என்று பிரித்துக் காட்டியதில் பெரிய பங்கு ஸ்பானியர் பீயோ தெல் ரியோ ஒர்த்தேகாவுக்கு உரியது. நரம்பியலின் பிதாமகரான ரமோன் இ கஹால் தம் சாயத்தில் சரியாகப் பிடிபடாத செல்களை எல்லாம் ஒரே குவியலாக 'மூன்றாவது கூறு' என்று வைத்திருந்தார். ஒர்த்தேகா வெள்ளி கார்பனேட்டை வைத்துப் புதிய சாயமுறை ஒன்றை உருவாக்கி, அந்தக் குவியலுக்குள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு இனங்கள் இருப்பதைக் காட்டினார்: 1919-இல் மைக்ரோகிளியா, 1921-இல் ஒலிகோடெண்ட்ரோசைட். கஹாலுக்கு இரண்டாவது செல்லில் நம்பிக்கை வரவில்லை. இதற்கிடையில் இருவருக்கும் மனக்கசப்பு முற்றி, ஒர்த்தேகா கஹாலின் ஆய்வகத்தைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் மூளை அறுவையில் பெரும்பெயர் பெற்ற வைல்டர் பென்ஃபீல்ட் 1924-இல் மாட்ரிட் போய் ஒர்த்தேகாவிடம் அந்தச் சாயமுறையைக் கற்று, தானே பார்த்து உறுதிசெய்த பிறகுதான் ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்கு வெளியுலகில் மதிப்பு வந்தது. ஒர்த்தேகா ஸ்பானிய உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டுக் கிளம்பி, 1945-இல் புவெனஸ் அயர்ஸில் இறந்தார். மயலினைத் தயாரிக்கும் செல்லை உலகுக்குக் காட்டியவர் பெயர் பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒலிகோடெண்ட்ரோசைட் செய்யும் வேலை அசாத்தியமானது. தன் உடலிலிருந்து மெல்லிய கைகளை நீட்டுகிறது. ஒவ்வொரு கையும் ஒரு நரம்பிழையைத் தொட்டு, அதன்மேல் தன் படலத்தையே சுற்றிச் சுற்றி, நடுவில் இருக்கும் திரவத்தைப் பிழிந்து வெளியேற்றி, இறுக்கமான அடுக்குகளாக்குகிறது. ஒரே செல் நாற்பது ஐம்பது இடங்களில் இப்படி உறை போடும். ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளில்தான் சோடியம் வாயில்கள் குவிந்திருக்கின்றன. மின்துடிப்பு அங்கங்கே புதுப்பிக்கப்பட்டுத் தாவிப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் துடிப்பு நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்தால், நன்றாக உறையிட்ட தடித்த இழையில் 100 மீட்டரைத் தாண்டும். உறை போட்டதோடு வேலை முடிவதில்லை. உள்ளே இருக்கும் இழைக்கு லாக்டேட் வடிவில் எரிபொருள் ஊட்டுவதும் இதே செல்தான் என்று 2012-இல் தெரியவந்தது. உறையை இழந்த நரம்பிழை வேகத்தை மட்டும் இழப்பதில்லை, சாப்பாட்டையும் இழக்கிறது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்தால் இழையும் சாகிறது. அதற்குப் பிறகு யார் வந்தும் பயனில்லை.

உறை உரிந்த இழை எவ்வளவு பலவீனமாகத் துடிப்பைக் கடத்துகிறது என்பதற்கு நோயாளிகளே சொல்லும் ஓர் அடையாளம் உண்டு. வெந்நீரில் குளித்தால், காய்ச்சல் வந்தால், வெயிலில் நடந்தால் பார்வை மங்கும், கால் துவளும். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் இதைப் பதிவு செய்தார். சூட்டில் சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்வதால், ஏற்கெனவே தத்தளிக்கும் துடிப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது. கத்திரி வெயில் காலத்தில் நம்மூர் எம்.எஸ். நோயாளிகள் படும் பாடு மருத்துவப் புத்தகத்தை எழுதிய குளிர்நாட்டவர்களுக்கு முழுதாகப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி உறை போனபின் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதைப் பார்க்க ஆய்வகங்களில் ஒரு வழி இருக்கிறது. க்யூப்ரிஸோன் என்பது செம்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். அதை 0.2 சதவீதம் அரைத்த தீவனத்தில் கலந்து சுண்டெலிக்குக் கொடுக்கிறார்கள். முதல் ஓரிரு வாரங்களிலேயே மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தில் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் சாகத் தொடங்கும். உறை உடனே விழாது. உடைந்து சிதைய இன்னும் சில வாரம் எடுக்கும். மூன்றாவது வார வாக்கில் மைக்ரோகிளியாக்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். இன்னொரு வகைக் கிளியாவான ஆஸ்ட்ரோசைட்டுகள் உப்பிப் பெருத்திருக்கும். ஐந்தாறு வாரத்தில் அந்த இடம் ஏறக்குறைய உறையே இல்லாமல் வெறுமையாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், விஷம் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, நான்காவது வாரத்திலேயே, புதிய உறைக்கான செல்கள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. தீவனத்தை மாற்றிய சில வாரங்களில் உறை பெருமளவு திரும்பிவிடும். ஆனால் ஆறு வாரத்துக்குப் பதில் பன்னிரண்டு வாரம் விஷம் கொடுத்தால் அந்த மீட்சி மந்தமாகிவிடுகிறது.

முதலில் வரும் மைக்ரோகிளியாவுக்கு வருவோம். மற்ற கிளியாக்களைப்போல இது மூளையில் பிறந்ததில்லை. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குக் குடியேறி, அதன்பின் வெளி உதவி இல்லாமல் தானே தன் எண்ணிக்கையைப் பேணிக்கொள்ளும் ரத்த இனச் செல். பிரச்சினை வரும்வரை சும்மா இருக்கும் என்றுதான் 2005 வரை நினைத்திருந்தோம். அந்த ஆண்டு உயிருள்ள எலியின் மண்டையோட்டை மெல்லியதாக்கி, லேசர் நுண்ணோக்கி வழியாக உள்ளே பார்த்தார்கள். செல்லின் உடல் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் அதன் கைகள் நிமிடத்துக்கு நிமிடம் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. ஒரு குழுவின் கணக்குப்படி சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளைத் திசு முழுவதையும் இவை தொட்டுப் பார்த்துவிடுகின்றன. லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டதும், அக்கம்பக்கத்து மைக்ரோகிளியாக்கள் எல்லாம் நிமிடங்களுக்குள் அந்தப் புள்ளியை நோக்கிக் கைகளை நீட்டிச் சூழ்ந்துகொண்டன.

மயலின் சிதையும்போது இவற்றின் முதல் வேலை தின்பது. சிதைந்த உறையின் துண்டுகள் வெறும் குப்பையாகக் கிடந்தால்கூடப் பரவாயில்லை. புதிய உறை செல்கள் முதிர்வதை அவை தடுக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பவர்களுக்கு இது புரியும்: பழைய பொருக்கைச் சுரண்டாமல் மேலே பூசினால் சுண்ணாம்பு பிடிக்காது. மைக்ரோகிளியாவும், ரத்தத்திலிருந்து வந்து சேரும் மேக்ரோஃபேஜ்களும் செய்வது இந்தச் சுரண்டல் வேலை. அதனால்தான் 'அழற்சி கெடுதல், அதை எப்படியாவது அடக்கு' என்ற எளிய சூத்திரம் இங்கே செல்லாது. அழற்சியை ஒரேயடியாக அடக்கிவிட்டால் மராமத்தும் சேர்ந்து நின்றுவிடும். எடின்பரோவில் வெரோனிக் மிரோனின் குழு 2013-இல் காட்டியபடி, முதலில் ஆக்ரோஷமாக இருக்கும் மைக்ரோகிளியாக்கள் சில நாட்களில் தன்மை மாறி, ஆக்டிவின்-ஏ போன்ற பொருள்களைச் சுரந்து, 'இனி உறை போடலாம்' என்று புதிய செல்களுக்குச் சைகை தருகின்றன. அந்த மாற்றம் நடக்கிறதா, எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

தின்பதைவிடத் தின்றதைச் செரிப்பது கடினம். மயலினின் உலர் எடையில் எழுபது சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. அதில் கொலஸ்ட்ரால் ஏராளம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதற்குப் பெரிய காரணம் இந்த உறைதான். கொலஸ்ட்ராலை நம் செல்களால் உடைத்து எரிக்க முடியாது, வெளியே அனுப்பத்தான் முடியும். இளம் எலியின் மைக்ரோகிளியா அதைச் செய்துவிடுகிறது. வயதான எலியில் முடிவதில்லை. மிக்கேல் சைமன்ஸின் குழு 2018-இல் கண்டது இது: தேங்கிய கொலஸ்ட்ரால் செல்லுக்குள்ளேயே ஊசி ஊசியான படிகங்களாக உறைகிறது; அந்தப் படிகங்கள் செல்லின் செரிமானப் பைகளைக் கிழிக்கின்றன; அது ஓர் அபாயச் சமிக்ஞையாகி, அடங்க வேண்டிய அழற்சி மேலும் மூளுகிறது. துப்புரவுக்கு வந்தவர் குப்பையால் மூச்சுத் திணறி அங்கேயே கிடக்கிறார். எம்.எஸ். நோயாளிகள் சிலரின் மூளையில், ஆண்டுக்கணக்கில் ஓரம் புகைந்துகொண்டே மெதுவாக விரியும் திட்டுகள் உண்டு. அந்த விளிம்பில் இருப்பவை இரும்பு ஏறிய மைக்ரோகிளியாக்கள். நவீன எம்.ஆர்.ஐ. படங்களில் அது ஒரு கருவளையமாகத் தெரிகிறது. அத்தகைய வளையங்கள் அதிகமுள்ளவர்களுக்கு நோய் கடுமையாக இருக்கிறது.

ஆஸ்ட்ரோசைட்டைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட காலமாக அதற்கு வில்லன் வேடம். காயம்பட்ட இடத்தில் உப்பிப் பெருத்துத் தழும்பாக இறுகுவது அதுதான். நோயின் பெயரில் உள்ள 'ஸ்கிளிரோசிஸ்' குறிப்பது அந்த இறுக்கத்தைத்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸின் ஆய்வகம் இன்னொரு குற்றச்சாட்டையும் சேர்த்தது: கிளர்ந்த மைக்ரோகிளியா மூன்று குறிப்பிட்ட புரதங்களைச் சுரந்தால், பக்கத்து ஆஸ்ட்ரோசைட் நியூரான்களையும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளையும் கொல்லும் நிலைக்கு மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, பழைய திட்டுகளில் ஆஸ்ட்ரோசைட்டுகள் ஹயலூரானிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகளைக் குவித்துவைக்கின்றன. முகப்பூச்சு விளம்பரங்களில் தினமும் கேட்கும் அதே பொருள்தான். இங்கே அது புதிய உறை செல்களை முதிரவிடாமல் தடுக்கிறது.

சரி, ஆஸ்ட்ரோசைட்டே வேண்டாம் என்று அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால்? ஜெர்மனியில் ஒரு குழு க்யூப்ரிஸோன் எலிகளிடம் அதையும் செய்து பார்த்தது; 2013-இல் முடிவு வந்தது. மைக்ரோகிளியா வந்து சேரவில்லை. குப்பை அகலவில்லை. புதிய உறையும் தாமதப்பட்டது. துப்புரவுக்கு ஆள் கூப்பிடுவதே ஆஸ்ட்ரோசைட்தான். எனவே 'தழும்பைக் கரைத்தால் நரம்பு சரியாகும்' என்று யாராவது எளிதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

உறையை நிஜமாகப் போட வருபவர்கள் யார்? லண்டனில் மார்ட்டின் ராஃபும் சகாக்களும் 1983-இல் எலியின் பார்வை நரம்பிலிருந்து ஒரு முன்னோடி செல்லைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒலிகோடெண்ட்ரோசைட்டாக முதிரக்கூடியது. பிறகு தெரிந்தது, இந்த முன்னோடிகள் வளர்ந்த மூளை முழுவதும் பரவிக் காத்திருக்கின்றன. மூளை செல்களில் சுமார் 5 சதவீதம் இவைதான். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைவதில்லை. ஒன்று இறந்தாலோ முதிர்ந்து போனாலோ பக்கத்தில் இருப்பது பிரிந்து, பிறந்தது காலி இடத்துக்குக் குடியேறுகிறது. இதை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ட்வைட் பெர்கல்ஸின் குழு உயிருள்ள எலியின் மூளையில் நாள்கணக்கில் படம் பிடித்தது. இன்னும் ஓர் ஆச்சரியம்: நரம்பு செல்கள் இந்த முன்னோடிகளோடு நேரடியாக இணைப்பு வைத்திருக்கின்றன. நியூரான் நியூரானோடு மட்டுமே பேசும் என்ற நம் பாடத்தை அது கலைத்தது.

உறை போன இடத்துக்கு முன்னோடிகள் வந்து, பெருகி, முதிர்ந்து, சுற்றத் தொடங்க வேண்டும். கடைசிக் கட்டம் மிகக் குறுகியது. உடல் கண்ணாடிபோல் இருக்கும் வரிக்குதிரை மீன் குஞ்சில் எடின்பரோ ஆய்வாளர்கள் ஒரு தனி செல்லை விடாமல் படமெடுத்தார்கள். ஒரு புதிய ஒலிகோடெண்ட்ரோசைட் தன் வாழ்நாளில் போடும் உறைகள் அனைத்தையும் சுமார் 5 மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பதை வளர்க்கிறதே தவிரப் புதிதாகத் தொடங்குவதில்லை. அந்த 5 மணி நேரம் தவறினால் அந்தச் செல்லைப் பொறுத்தவரை போனதுதான்.

எம்.எஸ். மூளையில் தவறுவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். 2002-இல் கிளீவ்லாந்தில் புரூஸ் டிராப்பின் குழு, இறந்த நோயாளிகளின் மூளையில் பழைய திட்டுகளைச் சாயமேற்றிப் பார்த்தது. பல திட்டுகளில் உறை போடும் தறுவாயில் உள்ள செல்கள் இருந்தன. கைகளை நீட்டியிருந்தன. அந்தக் கைகள் வெறுமையான நரம்பிழைகளைத் தொட்டும் இருந்தன. சுற்றவில்லை. ஆள் இல்லாததால் வேலை நின்றுவிட்டது என்ற எண்ணத்தை இந்த ஒரு காட்சி தகர்த்துவிட்டது.

கை, கால், முகத்துக்குப் போகும் நரம்புகளில் கதை வேறு. அங்கே உறை போடுவது ஸ்வான் செல். ஒரு செல்லுக்கு ஓர் உறை. இழை சேதப்பட்டால் இந்தச் செல் பின்னோக்கி மாறி, தான் போட்ட மயலினைத் தானே தின்று தீர்த்து, பிறகு மறுபடி உறை செல்லாகிறது. 2025 தொடக்கத்தில் புனேயில் பரவி அச்சமூட்டிய கில்லன்-பாரே நோயில் தாக்கப்படுவது இந்த நரம்புகள். அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் வாரங்களிலோ மாதங்களிலோ எழுந்து நடப்பதற்கு ஸ்வான் செல்லின் இந்தச் சுறுசுறுப்பும் ஒரு முக்கியக் காரணம்.

மூளைக்குத் திரும்புவோம். இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எலிக்கதை. மனிதனில் எப்படி என்று பார்க்க யாரும் மூளையைத் திறந்து விஷம் வைக்க முடியாது. ஆனால் அணுகுண்டுகள் ஒரு வழி காட்டின. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் குண்டு வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 இருமடங்கு வரை ஏறியது. தடை ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாக இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டுக் காற்றின் கார்பன் பதிந்துவிடும். அதை அளந்தால் செல்லின் பிறந்த ஆண்டு தெரியும். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2014-இல் இப்படி அளந்ததில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தில் உள்ள ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் பிறந்தவை என்று தெரிந்தது. அதன்பின் ஆண்டுக்கு முந்நூறில் ஒன்றுதான் மாறுகிறது. எழுபது வயதுக்காரர் மூளையில் உறை காக்கும் செல்கள் அவர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவை.

2019-இல் அதே குழு எம்.எஸ். நோயாளிகளின் மூளையை அளந்தது. மெல்லிய உறையோடு தேறிய இடங்களை 'நிழல் திட்டு' என்பார்கள். அங்கே புதிதாகப் பிறந்த செல்கள் குவிந்திருக்க வேண்டும் என்று எலி ஆய்வுகள் எதிர்பார்க்க வைத்தன. அங்கிருந்தவை பழைய செல்களே. தாக்குதலில் தப்பிய முதிய ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள்தான் புதிய உறையைப் போட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே டங்கனின் பூனைகள் இதற்குச் சாட்சி சொல்லியிருந்தன: தேறிய பூனையின் தண்டுவடத்தில் ஒரே செல்லின் ஒரு கை தடித்த பழைய உறையையும், இன்னொரு கை மெல்லிய புதிய உறையையும் பிடித்திருந்தது. எலி ஒரு வழியில் சரிசெய்துகொள்கிறது, பூனையும் மனிதனும் இன்னொரு வழியையும் கையாள்கிறார்கள். எலியை மட்டுமே நம்பி மருந்து தேடுபவர்கள் இதை மறக்கக்கூடாது என்பது என் கருத்து.

மருந்துத் தேடல் நடக்காமலில்லை. கலிஃபோர்னியாவில் ஜோனா சானின் குழு நுண்ணிய கூம்புத் தூண்களை வார்த்து, அவற்றை ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் நரம்பிழை என்று நினைத்துச் சுற்றுகின்றனவா என்று ஏறத்தாழ 1,000 வேதிப்பொருள்களைச் சோதித்தது. தேறியவற்றில் ஒன்று கிளமாஸ்டின், மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய மாத்திரை. 2017-இல் 50 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, கண்ணில் பட்ட காட்சி மூளையின் பின்புறம் போய்ச்சேரும் நேரம் 1.7 மில்லி நொடி குறைந்தது. சிறிய எண்தான், ஆனாலும் மனிதனில் மயலின் மீண்டதற்கு ஒரு மருந்துச் சோதனை காட்டிய முதல் தடயங்களில் ஒன்று. அதற்காகக் கடைக்குப் போய் வாங்கிவிட வேண்டாம். பின்னர் முற்றிய நிலை நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறு சோதனையில் சிலருக்குப் பாதிப்பு வேகமாகக் கூடியதால், அதில் இந்த மருந்தையே நிறுத்தினார்கள்.

கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்க்ளினின் குழு முதுமையைத்தான் குறிவைக்கிறது. இளம் எலியின் ரத்த ஓட்டத்தைக் கிழட்டு எலியோடு இணைத்தபோது, இளையதிடமிருந்து வந்த செல்கள் குப்பையை நன்றாகத் தின்றன. கிழட்டு எலியின் உறை மீண்டும் வளர்ந்தது. வயதாக ஆக மூளைத் திசு விறைப்பாகிறது, அந்த விறைப்பை உணர்ந்தே முன்னோடி செல்கள் சோம்பிவிடுகின்றன என்றும் காட்டினார்கள். பட்டினி போட்ட, அல்லது மெட்ஃபார்மின் கொடுத்த முதிய எலிகளில் முன்னோடிகள் மறுபடி சுறுசுறுப்படைந்தன. சர்க்கரை நோய்க்கு வீட்டுக்கு வீடு விழுங்கும் அதே மெட்ஃபார்மின்தான்.

எம்.எஸ்.ஸின் போக்கை மாற்ற இன்று அனுமதி பெற்ற மருந்துகள் 20-க்கும் மேல். அத்தனையும் எதிர்ப்பாற்றலின் தாக்குதலை அடக்குபவை. உறையைத் திரும்ப வளர்க்கவென்று அனுமதி பெற்றது ஒன்றுகூட இல்லை. அந்த வேலை இன்னும் கிளியா செல்களின் கையில்தான் இருக்கிறது. அவற்றின் திறமை வயதோடு குறைகிறது. ஆகவே இளம் வயதினர் யாருக்காவது ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, அந்தக் கண்ணை அசைக்கும்போது வலித்தால், அல்லது கால்களிலோ இடுப்பைச் சுற்றியோ மரத்துப்போன உணர்வு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் காட்டுங்கள். உள்ளே மராமத்து நடந்திருக்கலாம். தாக்குதல் ஓய்ந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.